பெட்டியைத் திறந்த பிறகு கார்டைத் தேடுங்கள்

கிராஃபிக்ஸ் கார்டு வாங்க யோசனை கேட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே பட்ஜெட்டைச் சொல்வார்கள். "ஏழாயிரத்துக்குள்ள எது நல்லது?", "பத்தாயிரம் வரைக்கும் போகலாம், எதை எடுக்கலாம்?" பதிலுக்கு நான் கேட்பது, கம்ப்யூட்டருக்குள் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் படத்தை. பணம் தாராளமாக இருப்பவருக்கு அந்தப் படம் தேவையில்லை. முதலில் கார்டை எடுத்துவிட்டு, அதற்குத் தகுந்தாற்போல் மற்றதையெல்லாம் மாற்றிக்கொள்வார். கையைக் கடிக்காமல் கார்டை மட்டும் மாற்ற நினைப்பவருக்கு அந்த வசதி கிடையாது. எந்தக் கார்டு என்பதை அவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பெட்டிதான் முடிவு செய்யும்.

என் அக்கா மகன் மதுரையில் அனிமேஷன் படிக்கிறான். அவனிடம் இருப்பது டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவர். ஏதோ ஒரு கம்பெனியில் சில வருடம் உழைத்துவிட்டு ஓய்வு பெற்று வந்தது. இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், 16 ஜிபி ரேம், பிறகு சேர்த்த ஒரு எஸ்எஸ்டி. நம் ஊர்களில் பிள்ளைகள் கையில் இருக்கும் டெஸ்க்டாப்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்று எனக்குத் தோன்றும். புது மெஷினுக்கு ஆகும் செலவில் கால்வாசிக்குக் கிடைக்கிறது, கட்டுமானம் உறுதியாக இருக்கிறது. கணக்கு வழக்கு, டைப்பிங், வீடியோ பார்ப்பது எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் தாராளம். ஆனால் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் சைக்கிள்ஸ் முறையில் ரெண்டர் போட்டால், அதாவது காட்சியை முழுப் படமாக உருவாக்கச் சொன்னால், பிராசஸரின் நான்கு கோர்களும் மூச்சு வாங்கும். ஒரு சின்னக் காட்சிக்கே இரவு முழுக்க ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போவான்.

அவன்தான் ஒருநாள் கேட்டான்: "மாமா, ஆர்எக்ஸ் 580 எட்டு ஜிபி ரொம்ப கம்மியா வருது. எடுத்துடவா?"

கார்டிலேயே எட்டு ஜிபி மெமரி என்றதும் யாருக்கும் ஆசை வரும். ஏஎம்டியின் பழைய கார்டுதான் என்றாலும், கேம் ஆடுகிறவனுக்கு அந்த விலையில் அது நல்ல சரக்கு. இவனுக்கு மட்டும் இரண்டு விதத்திலும் ஆகாது.

முதலாவது கரண்ட். ஆர்எக்ஸ் 580க்கு 185 வாட் வேண்டும். மதர்போர்டில் இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் போகும். மிச்சத்தை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயரில் கொடுக்க வேண்டும். ஆறு பின் கனெக்டர் என்றால் 75 வாட், எட்டு பின் என்றால் 150 வாட். அவன் பெட்டியில் இருப்பது 290 வாட் எஸ்எம்பிஎஸ், அதில் கார்டுக்கான வயரே கிடையாது. சரி, எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாமே என்றால், கம்பெனிக்கென்று செய்யப்படும் இந்தப் பெட்டிகளில் மதர்போர்டுக்குப் போகும் கனெக்டர் கடையில் விற்கும் 24 பின் வகை இல்லை, எட்டு பின். நடுவில் ஒரு அடாப்டர் போட வேண்டும், அதோடு புது எஸ்எம்பிஎஸ்ஸும் வாங்க வேண்டும். கம்மி விலைக் கார்டு என்ற பேச்சே அங்கே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0, ஏஎம்டி கார்டுகளுக்கு உதவிய ஓபன்சிஎல் என்ற முறை வழியாக ரெண்டர் செய்வதைக் கைவிட்டது. ஏஎம்டி கார்டுகளுக்கு அதன்பின் வேறு வழி கொடுத்தார்கள், ஆனால் 580இன் தலைமுறைக்கு அதில் இடமில்லை. எட்டு ஜிபி கார்டை மாட்டிவிட்டு பிளெண்டர் செட்டிங்ஸைத் திறந்தால், ரெண்டர் செய்ய அந்தக் கார்டு பட்டியலிலேயே வராது. வாங்கிய வேலைக்கே உதவாத ஒன்றுக்கு மாதக்கணக்கில் சேர்த்த பணம் போயிருக்கும்.

இந்த ஸ்டிக்கர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடையில் அசெம்பிள் செய்த மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இதில்தான் அடி விழுகிறது. கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். அதை நம்பாதீர்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும்: 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று. கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் கரண்ட் எடுப்பது பெரும்பாலும் 12 வோல்ட் லைனில்தான். அங்கே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12ஐ 16ஆல் பெருக்குங்கள். 192 வாட். உங்கள் 450 வாட் எஸ்எம்பிஎஸ் உங்களுக்கு உபயோகமாகத் தருவது அவ்வளவுதான். அதில் பிராசஸருக்கு 80, 90 போனால் கார்டுக்கு மிஞ்சுவது என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பெயர் பெற்ற நிறுவனத்தின் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இதே கட்டத்தில் 30 ஆம்பியருக்கு மேலேயே எழுதியிருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே தகரப் பெட்டி, உள்ளே இருப்பது வேறு.

ஆகவே எஸ்எம்பிஎஸ்ஸைத் தொட முடியாத பெட்டிக்கு வழி ஒன்றுதான். தனி வயர் கேட்காத, ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் குடும்பம் நடத்தும் கார்டு. இந்த வகைக் கார்டுகள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. புதுக் கார்டு வெளியானால் விமர்சகர்கள் 300 வாட், 400 வாட் ராட்சசன்களைத்தான் கொண்டாடுவார்கள். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டே இல்லாமல் கிடந்த லட்சக்கணக்கான ஆபீஸ் பெட்டிகளுக்கு உயிர் கொடுத்தவை இந்தச் சின்னக் கார்டுகள். என்விடியாவின் வரிசையை மட்டும் பாருங்கள். 2014இல் ஜிடிஎக்ஸ் 750 டிஐ: 60 வாட், 640 கோர்கள் (கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதிகள்), 2 ஜிபி. 2016இல் 1050 டிஐ: 75 வாட், 768 கோர்கள், 4 ஜிபி. 2019இல் ஜிடிஎக்ஸ் 1650: அதே 75 வாட், 896 கோர்கள். 2024 பிப்ரவரியில் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வடிவம்: 70 வாட்டில் 2304 கோர்கள், கூடவே ஒளி போகும் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங்குக்கான தனிப் பகுதி. பத்து வருடத்தில் கரண்ட் 75 வாட்டைத் தாண்டவே இல்லை, வேலை மட்டும் எங்கோ போய்விட்டது.

(1050 டிஐ, 1650 இரண்டிலும் சில தயாரிப்பாளர்கள் கூடுதல் வேகத்துக்காக ஆறு பின் கனெக்டர் வைத்த மாடல்களும் விட்டிருக்கிறார்கள். கார்டின் மேல் விளிம்பைப் படத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.)

அப்புறம் பெயர் விவகாரம். எனக்குக் கோபம் வரும் இடம் இது. விலை கூடிய கார்டுகளில் பெயரைப் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் ஏமாற மாட்டோம். கீழே வர வர, ஒரே பெயரில் இரண்டு சரக்கு. ஜிடி 1030 என்று ஒரு கார்டு. 2017இல் அது வந்தபோது ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது, விநாடிக்கு 48 ஜிபி வேகம். மறு வருடம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்டு இன்னொன்றை விட்டார்கள். வேகம் 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு! அட்டையில் இரண்டுக்கும் 2 ஜிபி என்றுதான் இருக்கும். இரண்டு வரிசையாக ரேம் போட்ட பழைய டிடிஆர்3 மெஷினில் சாதாரண ரேமுக்கே 25.6 ஜிபி வேகம் உண்டு. அதைவிட மெதுவான மெமரியை ஒரு கிராஃபிக்ஸ் கார்டில் வைத்து, காசைத் தேற்றிக்கொண்டு வரும் ஒரு மாணவனுக்கு விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டிடிஆர்3 மெமரியோடு வரும் ஜிடி 710 அதற்கும் கீழே. மானிட்டர் இணைக்க ஒரு போர்ட் வேண்டும் என்றால் அதை வாங்கலாம், வேறு எதற்கும் வேண்டாம்.

ஆர்எக்ஸ் 580இலும் 2048எஸ்பி என்று ஒரு வகை சுற்றுகிறது. அசல் 580இல் 2304 கோர்கள், இதில் 2048, அதாவது 570க்கு உள்ள அளவு. ஆர்டிஎக்ஸ் 3050இலேயே 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு. மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்துவிடக் கூடாது. 2022இல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கோர்கள், மெமரிப் பாதை 128 பிட், 130 வாட், தனி வயர் கட்டாயம். 6 ஜிபி கார்டில் மெமரிப் பாதை 96 பிட்தான். நமக்கு அந்தச் சின்னதுதான் வேண்டும் என்பதால் கடையில் சொல்லும்போதே "கனெக்டர் இல்லாத 6 ஜிபி" என்று அழுத்திச் சொல்லிவிட வேண்டும்.

இவையெல்லாம் நிறுவனங்களே வைத்த பெயர்கள். சுத்தமான போலியும் உண்டு. 2010, 2011 காலத்து ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளுக்குள் இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று காட்டும்படி செய்து விற்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க மெஷின்கூட வேண்டாம், பின்பக்கப் போர்ட்களைப் பார்த்தாலே போதும். நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் அது 1050 டிஐ அல்ல, அந்தத் தலைமுறை முதல் என்விடியா கார்டுகளில் அனலாக் வெளியீடே கிடையாது. மெஷினில் மாட்டிப் பார்க்க முடிந்தால் ஜிபியூ-இசட் மென்பொருள் 2018 முதலே இந்தப் போலிகளைப் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று போட்டுக் காட்டிவிடுகிறது.

அசல் 1050 டிஐ கிடைத்தாலும் இப்போது நான் சிபாரிசு செய்வதில்லை. 750 டிஐயின் மேக்ஸ்வெல், 1050 டிஐயின் பாஸ்கல் ஆகிய தலைமுறைக் கார்டுகளுக்கு 2025 அக்டோபரோடு புது கேம் டிரைவர்கள் நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் தாராளமாக வைத்து ஓட்டுங்கள். புதிதாகக் காசு போட வேண்டாம். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 பற்றியும் கேட்பார்கள். 53 வாட்தான், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 16 பாதைகள் உள்ள ஸ்லாட்டில் அது நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள புது மதர்போர்டில் அந்த நான்கே போதும். 3.0 உள்ள பழைய போர்டில் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 4 ஜிபியாகப் பாதியாகிவிடும். 4 ஜிபி மெமரி நிரம்பி வழிகிற நேரத்தில் அது நன்றாகவே உறைக்கும். வீடியோ ரெக்கார்ட் செய்ய உதவும் என்கோடரும் அதில் இல்லை.

ஆக, அவனுக்கு மிஞ்சியது இரண்டு. செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1650, அல்லது புதிதாக ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. இரண்டாவதன் விலை முதலாவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். லீவுக்குச் சென்னை வந்தபோது ரிச்சி தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனேன். மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்துகளில் நடப்பதே அவனுக்கு ஒரு படிப்பு என்று நினைத்தேன். பிளாட்பாரத்தில் குவியலாகக் கிடக்கும் கேபிள்கள், மாடிப்படி ஏறிப் போகும் சின்னக் கடைகள், ஒரு ஆள் உட்கார மட்டுமே இடமுள்ள சர்வீஸ் மேஜைகள்.

பழைய கார்டை எப்படிப் பார்ப்பது என்று அங்கேயே வைத்துக் காட்டினேன். ஒரு கடையில் கார்டை மாட்டிக் காட்டச் சொன்னதற்கு, "கேரண்டி சார், வீட்ல போட்டுப் பாருங்க" என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தோம். ஓட்டிக் காட்டாத பழைய கார்டு எந்த விலைக்கு வந்தாலும் வேண்டாம். இன்னொரு கடைக்காரர் சலிப்பில்லாமல் மேஜையில் திறந்து கிடந்த மெஷினில் மாட்டினார். மாட்டுவதற்கு முன் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். பின்பக்க ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். பிரித்ததில் தப்பில்லை, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டிருக்கலாம். ஏன் பிரித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். போர்டில் எண்ணெய்க் கசிவு மாதிரி பளபளப்பு இருந்தால் மெமரி மேல் ஒட்டிய தெர்மல் பேட் சூட்டில் உருகி வடிந்திருக்கிறது, கார்டு நீண்ட நாள் கொதித்திருக்கிறது. விசிறியை விரலால் மெல்ல அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. ஸ்லாட்டில் உட்காரும் தங்க நிறப் பற்களில் கறுத்த புள்ளி இருக்கக் கூடாது. கடற்கரை ஊர்களில் ஓடிய கார்டுகளில் பிராக்கெட் தகரத்தில் துருவும் பார்த்திருக்கிறேன். அது வெளியே தெரிகிற அடையாளம்தான், அந்தக் காற்று உள்ளேயும் போயிருக்கும்.

பிறகு ஜிபியூ-இசட்டில் கோர் எண்ணிக்கை, மெமரி வகை, பிட் அளவு. 1650இலேயே ஜிடிடிஆர்5, ஜிடிடிஆர்6 என்று இரண்டு உண்டு, மெமரி வேகத்தில் விநாடிக்கு 128 ஜிபிக்கும் 192 ஜிபிக்கும் உள்ள வித்தியாசம். ஒரே விலைக்குக் கிடைத்தால் பின்னதை எடுக்க வேண்டும். கடைசியாக, கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளை ஓடவிட்டு, ஒரு டீ குடிக்கும் நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு, புள்ளி, நிறம் மாறுவது எதுவும் வரக் கூடாது. சூடு ஏறி ஓரிடத்தில் நிற்க வேண்டும், ஏறிக்கொண்டே போகக் கூடாது.

கிரிப்டோ காசு சம்பாதிக்கும் மைனிங்கில் ஓடிய கார்டாக இருக்குமோ என்று பயந்தான். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ காசின் மைனிங் முடிவுக்கு வந்தபோது மூட்டை மூட்டையாகக் கார்டுகள் சந்தைக்கு வந்தது உண்மைதான். 570, 580இல் அந்தப் பயம் நியாயம். 4 ஜிபி கார்டுகளுக்கு எதீரியம் 2020 முடிவிலேயே கைகொடுக்காமல் போய்விட்டது, அதற்குத் தேவையான தரவு 4 ஜிபியைத் தாண்டிவிட்டதால். அதனால் 4 ஜிபி மட்டுமே உள்ள 1650இல் அந்தக் கவலை குறைவு.

கடையில் ஓட்டிப் பார்த்த அந்த 1650 நல்ல கார்டு. கேம் ஆடத்தான் என்றால் அதையே வாங்கிக் கொடுத்திருப்பேன். இவன் வேலை பிளெண்டர் என்பதால் தயங்கினேன். சைக்கிள்ஸில் என்விடியாவின் ஆப்டிக்ஸ் முறையில் ரெண்டர் செய்யும்போது ரே டிரேசிங் பகுதி உள்ள கார்டு வெகுதூரம் முன்னால் போய்விடும். காட்சியின் டெக்ஸ்சர்கள் 4 ஜிபியை எளிதில் நிரப்பிவிடும், 6 ஜிபியில் கொஞ்சம் கை கால் நீட்ட இடம் உண்டு. இதை அவனிடம் விளக்கினேன், முடிவை அவனிடமே விட்டேன். புது மானிட்டருக்கென்று அக்கா தனியாக எடுத்து வைத்திருந்த பணத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளலாமா என்று போனில் கேட்டான். "மாமா சொன்னா சரி" என்று அக்கா சொல்லிவிட்டது. 3050 6 ஜிபி, ஒற்றை விசிறி, குட்டைக் கார்டு. அவன் கேபினெட்டில் நீளமான கார்டு ஹார்டு டிஸ்க் கூண்டில் இடிக்கும் என்பதால் குட்டையானதாகவே கேட்டு வாங்கினோம்.

ஒரு கடையில் பில் இல்லாமல் வாங்கினால் ஜிஎஸ்டி 18 சதவீதத்தைக் கழித்துத் தருவதாகச் சொன்னார்கள். மாணவனுக்கு அது பெரிய தொகை, ஆசை வரத்தான் செய்யும். இருந்தாலும் நாளைக்குக் கார்டு படுத்துவிட்டால் கையில் ஒரு காகிதம் வேண்டும். பில் போட்டு, அதில் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லி வாங்கினோம்.

மானிட்டர் பழையதாகவே இருந்துவிட்டதால் இன்னொரு சின்னச் செலவு வந்தது. அதில் இருப்பது விஜிஏ மட்டும். புதுக் கார்டில் எச்டிஎம்ஐயும் டிஸ்பிளே போர்ட்டும்தான். வெறும் வயரை வாங்கி இரண்டையும் இணைத்தால் படம் வராது, டிஜிட்டலை அனலாகாக மாற்றும் சிப் உள்ள அடாப்டர் வேண்டும். சில நூறு ரூபாய்தான். ஆனால் கார்டை வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போன பிறகு இது தெரிந்தால் எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும்!

யூபிஎஸ்ஸையும் கணக்கில் எடுக்க வேண்டும். வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 600 விஏ, வாட்டில் சொன்னால் 360. நான்காம் தலைமுறை ஐ5க்கு 84, இந்தக் கார்டுக்கு 70, மற்ற சில்லறை, மானிட்டர் எல்லாம் சேர்த்தாலும் 220 சுற்றி நிற்கும். கரண்ட் போனால் ஃபைலைச் சேவ் செய்துவிட்டு நிதானமாக அணைக்கலாம். அந்த 580 வந்திருந்தால் முழு வேகத்தில் ஓடும்போது யூபிஎஸ்ஸின் எல்லைக்கே போயிருக்கும், கரண்ட் போன நொடியில் மெஷினும் அணைந்திருக்கலாம். கரண்ட் பில்லைப் பற்றி அக்கா கேட்டதற்கும் கணக்குச் சொன்னேன். தினம் ஐந்து மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் இரண்டு மாத பில்லில் இந்தக் கார்டால் ஏறுவது 21 யூனிட்.

மாட்டுவதில் சிரமம் ஒன்றும் இல்லை. முதலில் மதர்போர்டின் பயாஸை டெல் கடைசியாக வெளியிட்ட பதிப்புக்கு மாற்றச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய போர்டுகளில் யூஇஎஃப்ஐ என்ற புது வகை பயாஸ் சரியாக இல்லாமல் புதுக் கார்டு போட்டதும் திரை கறுப்பாகவே நிற்பதுண்டு, 9020இல் அந்தத் தொல்லை இல்லை. வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்ட்டை வெளியேற்றி, கேபினெட் தகரத்தைத் தொட்டுவிட்டு, கார்டை ஸ்லாட்டில் இரு பக்கமும் சமமாக அழுத்த வேண்டும். பின் பக்கத்துப் பூட்டு 'க்ளிக்' என்று விழும். வீடியோ காலில் அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. அதே நேரத்தில் முன்பக்கக் காற்று வழியில் படிந்திருந்த தூசியையும் பிரஷ்ஷால் எடுக்கச் சொன்னேன். மதுரையின் சித்திரை வெயிலில் அறையே 36, 37 டிகிரியில் இருக்கும், கேபினெட்டுக்குள் போகும் காற்றைத் தடுக்கும் எதுவும் இருக்கக் கூடாது.

முன்பு இரவு முழுக்க ஓடிய அதே காட்சி இப்போது அவன் சாப்பிட்டு எழுந்து வருவதற்குள் முடிந்துவிடுகிறது. வேகத்தைவிட எனக்குச் சந்தோஷமாக இருப்பது வேறு. வெளிச்சத்தை நகர்த்தி வைத்தால் எப்படி இருக்கும், மெட்டீரியலை மாற்றினால் எப்படி இருக்கும் என்று அவன் உடனுக்குடன் பார்க்கிறான். ஒரு மாலையில் பத்து விதமாகச் செய்து பார்த்துவிட்டு அதில் ஒன்றை அனுப்புகிறான். முன்பெல்லாம் ஒரு ரெண்டருக்கு ஒரு ராத்திரி ஆகும் என்பதால் செய்து பார்க்கவே தயங்குவான்.

பெட்டிக்கு இனி நீண்ட ஆயுள் இல்லை என்பது தெரியும். 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது, நான்காம் தலைமுறை பிராசஸரை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. இப்போதைக்கு லினக்ஸ் போட்டிருக்கிறான், பிளெண்டர் அதில் நன்றாகவே ஓடுகிறது. அடுத்த வருடம் கொஞ்சம் காசு சேர்ந்ததும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள ஆபீஸ் பெட்டி ஒன்றை வாங்கி, இந்தக் கார்டைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். தனி வயர் கேட்காத கார்டு என்பதால் அந்தப் பெட்டியின் எஸ்எம்பிஎஸ்ஸையும் தொட வேண்டியிருக்காது. சந்தையில் அதிகம் கிடைப்பதும் விலை குறைவாக இருப்பதும் மெலிந்த சின்னப் பெட்டிகள்தான், ஆனால் அவற்றில் அரை உயரக் கார்டுதான் நுழையும். இவன் கார்டு முழு உயரம். அதனால் ஆயிரம் ரூபாய் கூடினாலும் டவராகவே பாருடா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.